வாய் மூடாத ஞானியார்

அவரை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். பார்த்திருந்தாலும் ஞாபகம் வைத்திருக்க மாட்டீர்கள். வரிசையில் நின்றால், பின்னால் வருகிறவர் கூச்சமே இல்லாமல் முன்னால் புகுந்துகொள்ளக்கூடிய முகம் அது. ஆனால் வாயைத் திறந்தாரோ, போச்சு! அரைக் கிலோ வெங்காயம் கேட்டால்கூட, வானவெளியின் ரகசியம் எதையோ கேட்டுவிட்ட மாதிரி கடைக்காரர் தராசை விட்டுவிட்டு நிமிர்ந்து பார்ப்பார். "சார், நீங்க அந்த ஞானியார்தானே?" என்பார். நம் ஆள் ஆமாம் என்று தலையாட்டிவிட்டு, அழுகலையும் சேர்த்தே வாங்கிக்கொண்டு வருவார். புகழ் வந்த பிறகு வெங்காயத்தைப் பொறுக்கிப் பார்த்து வாங்க முடியுமா, சொல்லுங்கள்.

எங்கோ எடுத்த தொடர்களை நம் மொழியில் பேசவைப்பதுதான் அவர் பிழைப்பு. ஸ்டுடியோவில் குரல்காரர் என்றால் அவர்தான். ரொம்ப காலம் அவருக்கு வாய்த்ததெல்லாம் வில்லனுக்குப் பின்னால் நிற்கிற அடியாள், கப்பல் கவிழ்ந்தால் முதலில் மூழ்குகிற மாலுமி, கதவைத் திறந்து ‘ஐயா வெளியே போயிருக்காங்க’ என்று சொல்கிற வேலையாள். ஒருமுறை ஓநாய்க்கும் ஊளையிட்டிருக்கிறார். சும்மா சொல்லக்கூடாது, ஓநாய் நன்றாகவே வந்தது.

அப்போதுதான் அந்த விண்வெளித் தொடர் வந்து சேர்ந்தது. நட்சத்திரங்களுக்கு நடுவே வழி தவறிய ஒரு கப்பல். அதில் ஓயாமல் சண்டை போட்டுக்கொள்ளும் சில மனிதர்கள். அவர்களோடு வேற்றுக்கிரகத்துத் தத்துவவாதி ஒருவர். சாம்பல் நிறத் தோல், கழுத்தில் செதில், பக்கவாட்டில் மூடுகிற இமை. எஞ்சின் தீப்பிடித்து எரிந்தாலும் அணைக்கப் போக மாட்டார். தீயைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்வார். அவருடைய கிரகத்துப் பெயர் யார் வாயிலும் நுழையாததால் நம் மொழியில் ஞானியார் ஆனார். ஞானியாருக்கு நம் ஆள் குரல் ஆனார்.

அங்கேதான் வந்தது வினை. ஞானியாரின் முகமூடியைச் செய்த புண்ணியவான் கண், காது, செதில் எல்லாவற்றையும் அருமையாகச் செய்துவிட்டு வாயில் கோட்டை விட்டிருந்தார். ரப்பர் உதடு இரண்டும் ஒட்டவே ஒட்டாது. பேசினாலும் திறந்திருக்கும், பேசாவிட்டாலும் திறந்திருக்கும். நம் மொழியிலோ ப வந்தால் உதடு ஒட்டியாக வேண்டும்; ம வந்தாலும் ஒட்டியாக வேண்டும். முதல் நாள் ஒத்திகையில் ஞானியார் ‘அம்மா’ என்றார். வாய் ஆவென்று திறந்து கிடக்க, உள்ளேயிருந்து ‘அம்மா’ வந்தது. அவர் வயிற்றுக்குள் இன்னொருவர் உட்கார்ந்து பேசுகிற மாதிரி இருந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்தவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

சிரிக்காதவர் டைரக்டரம்மா ஒருவர்தான். வசனத்தை மாற்றி எழுதுவதும் அவர், பேசவைப்பதும் அவர். உதடும் சொல்லும் சேராவிட்டால் தன்னை யாரோ கன்னத்தில் அறைந்த மாதிரி எடுத்துக்கொள்கிற பெண்மணி. "இனிமே ஞானியார் வாய்ல ப வரக் கூடாது, ம வரக் கூடாது. வந்தா எனக்கு அன்னிக்குச் சாப்பாடு இறங்காது," என்றார். அவ்வளவுதான், சட்டம் போட்டாயிற்று.

ஒரு நாள் ப, ம இல்லாமல் பேசிப் பாருங்கள், தெரியும் சங்கதி. அன்பு போயிற்று, அதற்குப் பதில் காதல் வந்தது. எதிர்த்து நின்ற கேப்டனைப் பார்த்து ஞானியார் உருக்கமாக, "என்னைக் காதலிக்காதவனையே நான் காதலிக்கிறேன்" என்றார். கேப்டனுக்கு மீசை இருந்ததால் பல வீடுகளில் அன்றைக்கு டிவியை அணைத்துவிட்டார்கள். பசி என்று சொல்ல முடியாது. ஆகவே விருந்துக் காட்சியில் எல்லோரும் வாய் நிறையச் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது ஞானியார், "என் வயிறு எரிகிறது" என்றார். மன்னிப்புக் கேட்கவே வழியில்லை. கேப்டனின் காலை மிதித்துவிட்டு, "உன் கால் அங்கே இருந்தது" என்று சொல்லிவிட்டுப் போனார்.

எல்லாவற்றையும்விடப் பெரிய கூத்து ‘நாம்’. அந்தச் சொல் ம்-இல் முடிகிறது, வாய் மூடியாக வேண்டும். அதனால் ஞானியார் எங்கேயும் எப்போதும் ‘நாங்கள்’தான். மனிதர்கள் நடுவில் நின்றுகொண்டு, "நாங்கள் சாகத்தான் வந்தவர்கள்" என்றார். எல்லா உயிரும் சாகும் என்பதுதான் அசல் வசனம். நம் மொழியில் பார்த்தவர்களோ, அந்தத் தொடரில் ஞானியாரின் இனம் மட்டும்தான் சாகும், மனிதர்களுக்குச் சாவே கிடையாது என்று முடிவு கட்டிவிட்டார்கள். பிற்பாடு கேப்டன் வெடித்துச் சிதறியபோது ஒருத்தரும் நம்பவில்லை. இன்றைக்கும் அவர் திரும்பி வருவார் என்று காத்திருக்கிற ஆட்கள் உண்டு.

இதையெல்லாம் பார்த்துச் சிரித்துவிட்டுப் போயிருந்தால் நியாயம். ஜனங்கள் அப்படியா செய்தார்கள்? ஞானியாரின் சொற்களை டீ-ஷர்ட்டில் அச்சடித்தார்கள். பேராசிரியர் ஒருவர், உதடு ஒட்டாமல் பாடிய பழம்புலவர்களின் இதழகல் உத்தி இது என்றும், உலகத்தைத் தொட்டும் தொடாமலும் வாழ்வதற்கு அடையாளம் என்றும் நீளமாக எழுதினார். டைரக்டரம்மா அதைப் படித்துவிட்டு, "ரப்பர் கொஞ்சம் நல்ல ரப்பரா இருந்திருந்தா இவருக்கு எழுத ஒண்ணும் கிடைச்சிருக்காதே," என்றார்.

குரல்காரருக்குப் பெருமைதான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் வீட்டுக்கு வந்தால் அதே ‘நாங்கள்’ அவரைக் குத்திக்கொண்டிருந்தது.

தலை பாதி நரைத்த பிறகு நடந்த கல்யாணம் அது. மனைவி பல் செட் செய்கிற லேபில் வேலை பார்ப்பவர். ஊரில் பாதிப் பேருடைய சிரிப்பு அவர் கைவேலை. அவருக்கு முதல் கணவர் இறந்துபோயிருந்தார், பள்ளிக்கூடம் போகிற மகள் ஒருத்தி இருந்தாள். எல்லோரும் பாப்பா என்று கூப்பிடுவார்கள். இப்போது படிப்பை முடித்து, கண் பரிசோதிக்கிற வேலைக்குத் தயாராகிவிட்டாள், ஆனாலும் பாப்பாதான்.

பாப்பா கெட்ட பெண் இல்லை. மரியாதைக்கு ஒரு குறையும் வைத்ததில்லை. ஆனால் அவரை இன்றுவரை ஒரு முறைகூட எதுவும் சொல்லிக் கூப்பிட்டதில்லை. அப்பா இல்லை, சார் இல்லை, ‘ஏங்க’ கூட இல்லை. நம் மொழி இருக்கிறதே, இதற்கெல்லாம் சந்து வைத்திருக்கிறது. ஒரு ‘ஆம்’ சேர்த்தால் போதும். "சாப்பாடு ரெடியாம்," என்பாள் வாசற்படியில் நின்று. "தண்ணி வரலயாம்." "இன்னிக்கு மழை வருமாம், குடை எடுத்துக்கணுமாம்." யார் சொன்னார்கள், யாரிடம் சொன்னார்கள் என்று ஒன்றும் தெரியாது. வானொலியில் செய்தி வாசிக்கிற மாதிரி வாசித்துவிட்டுப் போய்விடுவாள்.

அதைக்கூட அவர் பொறுத்துக்கொண்டார். பொறுக்க முடியாதது ‘நாங்க’. "நாங்க கடைக்குப் போயிட்டு வர்றோம்." "நாங்க சாப்பிட்டாச்சு." "எங்க ஃபிரிட்ஜ் ரிப்பேர்." நாங்க என்றால் அவளும் அம்மாவும். கேட்டுக்கொண்டிருக்கிற இவர் அதில் சேர்த்தி இல்லை. மற்ற மொழிக்காரர்கள் பலர் கொடுத்துவைத்தவர்கள். அவர்களுக்கு எல்லாவற்றுக்கும் ஒரே சொல். உள்ளே இருக்கிறோமா வெளியே இருக்கிறோமா என்று தெரியாமல் நிம்மதியாகக் காலத்தை ஓட்டிவிடலாம். நம் மொழியில் அந்த வசதி கிடையாது. வாயைத் திறந்தாலே கதவு சாத்தியிருக்கிறதா திறந்திருக்கிறதா என்று தெரிந்துபோகும்.

அவர் ஆசைப்பட்டது பெரிதாக ஒன்றும் இல்லை. ஒரே ஒரு ‘நாம’. ‘நாம சாப்பிடலாம்’, ‘நாம போகலாம்’, எதுவாக இருந்தாலும் சரி. மனைவியிடம் ஒரு தடவை சொல்லியும் பார்த்தார். அந்த அம்மாள் கையிலிருந்த பல் செட்டைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்.

"வாய்ல வர்றதுக்கெல்லாம் இலக்கணம் பார்த்துக்கிட்டு இருப்பாங்களா? சின்னப் புள்ள மாதிரி! உங்க ஞானியார்கூட எப்பவும் நாங்கள் நாங்கள்னுதானே சொல்றார்?"

"அவருக்கு வாய் மூடாது. அதனால சொல்றார்."

"ஒரு செட்டு கட்டிக் குடுத்துடவா, மூடிக்குவாரா?" என்று கேட்டுவிட்டு, பிறகு தனக்குத்தானே, "வேற்றுக்கிரகத்துல வேலை பாக்கறவரைக் கட்டிக்கிட்டேன்ல, எனக்குக் கிரகச்சாரம் வராம வேற என்ன வரும்," என்றார்.

இந்த நிலைமையில்தான் பாப்பாவுக்கு வேலை வந்தது. தூரத்து ஊரில் ஒரு கண் ஆஸ்பத்திரி. அறையும் பார்த்தாயிற்று. சாப்பிடும்போது உப்பை அவர் பக்கம் நகர்த்திவைத்துவிட்டு, "சனிக்கிழமை நாங்க கிளம்பறோம்," என்றாள். நம் ஆள் உப்பைப் போட்டுக்கொண்டார். அன்றைக்கு எவ்வளவு போட்டுக்கொண்டார் என்று அவருக்கே தெரியாது. இந்த வீட்டை விட்டுப் போகிறவரைக்கும் அவள் வாயில் அந்த ‘நாம’ வரப்போவதில்லை என்று மனதுக்குள் ஓ என்று அழுதார். வெளியே, "சரிம்மா, பத்திரமா போயிட்டு வாங்க," என்றார். அதையும் ஞானியார் குரலில் சொன்னதால் துக்கம் யாருக்கும் தெரியவில்லை.

மறுநாள் வெள்ளிக்கிழமை, ஸ்டுடியோவில் தொடரின் கடைசிப் பகுதி. கதை முன்கூட்டியே வெளியே போய்விடக் கூடாது என்று அந்தக் கம்பெனிக்காரர்கள் படத்தைக் கறுப்படித்துத்தான் அனுப்புவார்கள். திரை முழுக்க இருட்டு. நடுவில் ஒரு வட்டம். வட்டத்துக்குள் ஞானியாரின் முகம் மட்டும். எதிரில் யார் நிற்கிறார்கள், பக்கத்தில் யார், ஒன்றும் தெரியாது. முழுக் கதையும் தெரிந்தவர் வசனம் எழுதுகிற டைரக்டரம்மா மட்டும்தான். அவரும் வெளியே சொல்வதில்லை என்று கையெழுத்துப் போட்டிருக்கிறார்.

ஞானியாரின் கடைசி வசனம் வந்தது: "நாங்கள் ஒரே வீட்டார்."

குரல்காரர் மைக்கில், "நாம் ஒரே வீட்டார்," என்றார்.

"அண்ணே, நாங்கள்," என்றது ஹெட்போன்.

"நாம் ஒரே வீட்டார்."

டைரக்டரம்மா கண்ணாடிக்கு அருகில் வந்து நின்றார். "என்ன ஆச்சுண்ணே இன்னிக்கு? லிப் பாருங்க. ம் போட்டா ஒட்டணும். அவருக்கு ஒட்டாது. உங்களுக்குத் தெரியாததா?"

"மேடம், இத்தனை வருஷம் அந்த மனுஷங்களோட ஒரே கப்பல்ல இருந்துட்டு, போற நேரத்துலயும் நாங்க வேற நீங்க வேறன்னு சொல்லிட்டா போவார்? மனசு வேண்டாமா?"

"மனசு இருக்குண்ணே, வாய் மூடாதே!"

"இன்னிக்கு ஒரு நாள் மூடட்டும்!"

"ரப்பருங்கண்ணே அது!"

பேச்சு முற்றிவிட்டது. டைரக்டரம்மா கடைசியில் தணிந்த குரலில், "அவர் யாரைப் பார்த்துச் சொல்றார்னு உங்களுக்குத் தெரியாது. நானும் சொல்லக் கூடாது. என்னை நம்பிப் பேசுங்க," என்றார்.

"வேற யாரைப் பார்த்துச் சொல்வார்? மனுஷங்களைப் பார்த்துத்தான்," என்று நம் ஆள் ஹெட்போனைக் கழற்றிக் கொக்கியில் மாட்டினார். ஓநாய்க்கு ஊளையிட்டுப் பிழைத்த மனிதர், ஒரு சொல்லுக்காக ஸ்டுடியோவை விட்டு வெளிநடப்புச் செய்கிறார், பாருங்கள்! பின்னாலேயே டைரக்டரம்மாவின் குரல் வந்தது. "திங்கக்கிழமை வரைக்கும் பார்ப்பேன். அப்புறம் அந்த ஒரு வரிக்கு வேற ஆளைத்தான் கூப்பிடணும்."

வீட்டுக்கு வந்தால் கூடத்தில் மெத்தை சுருட்டிக் கட்டிக் கிடந்தது. "இதை யாரு தூக்குவா?" என்றார் மனைவி. "நாளைக்கு நீங்களும் வாங்க." ஆக, மூட்டை தூக்கத்தான் கூப்பிடுகிறார்கள். மறுநாள் ரயிலில் பாப்பா தன் சீட்டிலிருந்து எழுந்து, "ஜன்னல் பக்கம் உட்காரலாமாம், காத்து வருதாம்," என்றாள். இவர் மூஞ்சியைத் தூக்கிவைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் போய் உட்கார்ந்தார். வழியெல்லாம் வெளியே பார்த்துக்கொண்டு வந்தாரே தவிர, தன் மகள் சீட்டைக் கொடுத்துவிட்டு நடைபாதை ஓரத்தில் இடிபட்டுக்கொண்டு வருவதைப் பார்க்கவில்லை. வருத்தப்படுகிற மனிதர்களுக்குக் கண் அவ்வளவுதான் தெரியும்.

புது அறை ஒரு வீட்டின் மாடியில் இருந்தது. படிக்கட்டு குறுகல், கைப்பிடிச் சுவரில் புதுச் சுண்ணாம்பு. அம்மாவும் மகளும் பைகளோடு முன்னால் ஏற, நம் ஆள் மெத்தையைத் தலையில் வைத்துக்கொண்டு பின்னால் ஏறினார். மெத்தை இரண்டு பக்கமும் தொங்கி முகத்தை மறைத்துவிட்டது. தெரிந்ததெல்லாம் அவருடைய செருப்பும், படியின் விளிம்பும்தான். மேல்படியில் வீட்டுக்காரம்மாள் சாவிக்கொத்தோடு நின்றுகொண்டிருந்தார்.

"லோடு ஆளை மெத்தையக் கீழயே வெச்சுட்டுப் போகச் சொல்லுங்க," என்றார் அந்த அம்மாள். "வீட்டு ஆளுங்களைத் தவிர யாரையும் மேல விடறதில்ல. முன்னாடியே சொல்லியிருக்கேன்."

மெத்தைக்கு அடியில் நம் ஆள் அப்படியே நின்றார். ஊரே தெரிந்துவைத்திருக்கிற குரல் தொண்டையில் இருந்தது. ‘நான் லோடு ஆள் இல்லை’ என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சரி, அப்படியென்றால் யார் என்று கேட்பார்களே? அதற்குச் சொல்லவேண்டிய வார்த்தையில் இரண்டு ப இருக்கிறது. ஞானியாரால் சொல்ல முடியாதது ரப்பரால். இவரால் சொல்ல முடியாதது, அந்தப் பெண் ஒரு நாளும் சொல்லாததால். மெதுவாக ஒரு படி இறங்கக் காலைப் பின்னால் வைத்தார்.

மேலே பை ஒன்று தொப்பென்று கீழே வைக்கப்படுகிற சத்தம் கேட்டது.

"லோடு ஆளா?" பாப்பாவின் குரல். கோபம் வந்தால் அவளுக்குக் குரல் கீச்சென்று போகும், இப்போது போயிருந்தது. "யாரைச் சொல்றீங்க ஆன்ட்டி? நாங்க எல்லாம் ஒரே வீடு."

வீட்டுக்காரம்மாள் ஏதோ சமாதானம் சொன்னார். மனைவி ஏதோ சொல்லிச் சிரித்தார். நம் ஆளுக்கு ஒன்றும் காதில் விழவில்லை. இத்தனை வருஷமாக எந்தச் சொல்லைக் கேட்டு நொந்துபோனாரோ அதே ‘நாங்க’. சொன்ன ஆளும் அதே ஆள். ஆனால் இந்தத் தடவை கதவுக்கு வெளியே நின்றது வேறொருவர். இவர் உள்ளே இருந்தார். யோசித்துப் பார்த்தால் ‘நாம’ என்ன பெரிய ‘நாம’? பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவர்கூட ‘நாம எங்க இறங்கணும்?’ என்று கேட்டுவிடுகிறார். மெத்தைக்குள் அவருக்குக் கண்ணீர் கொட்டியது. பஞ்சு மெத்தை, எவ்வளவு வேண்டுமானாலும் குடிக்கும்.

"மெல்ல ஏறணுமாம், மேல ஒரு படி உடைஞ்சிருக்காம்," என்றாள் பாப்பா, பழையபடி. அவர் ஏறினார்.

திங்கட்கிழமை காலை ஸ்டுடியோ திறக்கும்போதே போய் நின்றுவிட்டார். டைரக்டரம்மா சண்டைக்குத் தயாராக வந்தவர், இவர் தானாகவே ஹெட்போனை மாட்டிக்கொள்வதைப் பார்த்துச் சந்தேகமாக உட்கார்ந்தார். திரை இருண்டது. வட்டத்துக்குள் ஞானியார் வாயைத் திறந்தார்.

"நாங்கள் ஒரே வீட்டார்."

ஒரே டேக். குரல் கீச்சென்று போகவில்லைதான். ஆனால் பை ஒன்றைத் தொப்பென்று கீழே வைத்துவிட்டுச் சொல்கிற கோபம் அதில் இருந்தது. டைரக்டரம்மா, "இப்பதான் சரியான ஆளைப் பார்த்துச் சொன்னீங்க. வேலை முடிஞ்சுது, இனிமே பார்த்தா தப்பில்ல. நான் காட்டினேன்னு மட்டும் வெளிய சொல்லிடாதீங்க," என்று சொல்லி, கறுப்பில்லாத படத்தைப் போட்டார்.

ஞானியாருக்கு எதிரே மனிதர்கள் இல்லை. அவருடைய சொந்த இனம் உயரமான ஆசனங்களில் வரிசையாக உட்கார்ந்திருந்தது, அத்தனை பேருக்கும் வாய் திறந்தபடி. இந்த அந்நியர்களை எதற்கு வாசலுக்குள் கூட்டிவந்தாய், யார் இவர்கள் என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். மனிதர்களோ ஞானியாரின் முதுகுக்குப் பின்னால், கிழிந்த உடையோடு, மூட்டை முடிச்சோடு நின்றார்கள். அவர்களைக் காட்டித்தான் சொன்னார், நாங்கள் ஒரே வீட்டார் என்று.

"அண்ணே, மைக் ஆன்ல இருக்கு, அழாதீங்க," என்றார் டைரக்டரம்மா. அவர் குரலும் சரியாக இல்லை.

வெளியே வந்து முகத்தைக் கழுவிக்கொண்டிருக்கும்போது போன் அடித்தது. பாப்பா. அவள் அவருக்கு நேராகப் போன் செய்வது அதுதான் முதல் தடவை. எப்போதும் அம்மா வழியாகத்தான் சேதி வரும்.

"வீட்டுக்கார ஆன்ட்டி அந்தத் தொடர் விடாம பாக்கறவங்களாம்," என்று ஆரம்பித்தாள். "மெத்தை தூக்கிட்டு வந்தது ஞானியார்னு சொன்னா நம்பவே மாட்டேங்கறாங்களாம். அடுத்த தடவை வரும்போது ஒரு வார்த்தை பேசிக் காட்டணுமாம்."

"பேசிக் காட்டறேன்னு சொல்லும்மா."

அந்தப் பக்கம் ஆஸ்பத்திரியில் யாரோ யாரையோ டோக்கன் சொல்லிக் கூப்பிடுவது கேட்டது.

"அது அவங்க கேட்டது," என்றாள். "நான் கேக்கறேன். நீங்க எப்ப வர்றீங்க?"

ஊரையே கட்டிப்போட்ட குரல்காரருக்கு இரண்டு உதடும் நன்றாக ஒட்டிக்கொண்டுவிட்டன.

"ம்," என்றார்.